அணையை எதிர்த்த சேனாபதி: 100 ஆண்டுகளுக்கு முன்பே விவசாய நிலத்துக்காகச் சிறை சென்ற பாபட் யார்?

மும்பையில் மாஹிம், தாதர் பக்கம் இருக்கும் தமிழர்களிடம் கேட்டால், சேனாபதி பாபட் மார்க் எங்கே இருக்கிறது என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். புனேயில் வேலை பார்ப்பவர்களுக்கு அதே பெயரில் இன்னொரு சாலை தெரியும். சேனாபதி என்ற பட்டத்தைப் பார்த்தால் யாரோ பழைய மராட்டிய படைத் தளபதி என்றுதான் நினைக்கத் தோன்றும்.

ஆனால் அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. ஓர் அணைக்கு எதிராக, தங்கள் வயலை விட்டுப் போக மாட்டோம் என்று நின்ற விவசாயிகளோடு சேர்ந்து நின்றதால் வந்த பெயர் அது. நர்மதை அணைப் போராட்டத்தைப் பற்றி நாம் நிறைய கேள்விப்பட்டிருக்கிறோம். அதற்கு 60 ஆண்டுகளுக்கும் முன்பே, 1921-இல், புனேவுக்குப் பக்கத்தில் முல்ஷி என்ற இடத்தில் நடந்த இந்தப் போராட்டத்தை உலகின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என்றே அரசியல் அறிவியல் ஆய்வாளர் ராஜேந்திர வோரா தன் புத்தகத்துக்குத் தலைப்பு வைத்தார்.

அந்தப் போராட்டம் தோற்றது. அணை கட்டப்பட்டது, ஊர்கள் மூழ்கின. அப்படியென்றால் பாபட்டை ஏன் இன்னும் பேச வேண்டும்? அதற்கு அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

பார்னேரிலிருந்து பாரிஸ் வரை

பாண்டுரங் மகாதேவ் பாபட் 1880 நவம்பர் 12 அன்று அகமத்நகர் மாவட்டத்தின் பார்னேரில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை, படிப்பில் கெட்டி. புனே டெக்கான் கல்லூரியில் படித்து முடித்து, உதவித்தொகை வாங்கி, 1904-இல் பொறியியல் படிக்க எடின்பரோவுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே ஆங்கிலேய ஆட்சியைக் கடுமையாக விமர்சித்துப் பேசினார். விளைவு, உதவித்தொகை ரத்து. லண்டனில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா நடத்திய இந்தியா ஹவுஸ் பக்கம் போனார், சாவர்க்கரின் பழக்கம் கிடைத்தது. அடுத்த பயணம் பாரிஸ். அங்கிருந்த ரஷ்யப் புரட்சியாளர்களின் தொடர்பு மூலம் வெடிகுண்டு செய்யும் முறையைக் கற்றுக்கொண்டு, அந்தச் செய்முறைக் கையேட்டோடு 1908-இல் இந்தியா திரும்பினார்.

அதே ஆண்டில் வங்காளத்தில் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு வெடித்தது. அதில் அவர் பெயரும் அடிபட, சுமார் நான்கு ஆண்டுகள் தலைமறைவு வாழ்க்கை. 1912-இல் பிடிபட்டார். 1915 வாக்கில் வெளியே இருந்தார். அப்போது அவருக்கு வயது 35. குண்டு செய்யப் போனவர் பத்திரிகை வேலைக்கு வந்தார். திலகரின் மராட்டா பத்திரிகையில் எழுதினார், கேத்கரின் மராத்திக் கலைக்களஞ்சியமான ஞானகோசத்துக்கு வேலை பார்த்தார். துடைப்பத்தோடு தெருவில் இறங்கிக் கூட்டுவதும் அவர் வழக்கம். அந்தக் காலத்தில் ஒரு பிராமணர் அப்படிச் செய்வது சாதாரண விஷயம் இல்லை.

இவருடைய கதையைச் சொல்பவர்கள் பொதுவாக இந்த வெடிகுண்டு அத்தியாயத்தில்தான் அதிக நேரம் நிற்பார்கள். சினிமா போல இருக்கிறது, சரி. ஆனால் அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அதற்கு அப்புறம் நடந்ததுதான்.

முல்ஷியில் என்ன பிரச்னை?

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியை ஒட்டி, புனேவுக்கு மேற்கே இருக்கிறது முல்ஷி பள்ளத்தாக்கு. நீலா, முலா என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடம். மழை கொட்டும். நெல் நன்றாக விளையும். மாம்பூ வாசனை வீசும் ஆம்பேமோஹர் அரிசிக்குப் பெயர் போன பகுதி. இங்கே வாழ்ந்த விவசாயிகளை மாவளே என்பார்கள். சிவாஜியின் படைக்கு முதல் ஆட்கள் இந்த மலைக்காரர்கள்தான் என்பது அவர்களுக்குப் பெருமை.

மலைக்கு அந்தப் பக்கம் மும்பை. அங்கே பஞ்சாலைகள் நிலக்கரிப் புகையில் ஓடிக்கொண்டிருந்தன. மின்சாரம் தேவைப்பட்டது. டாடா குழுமம் ஏற்கெனவே லோனாவாலா பக்கத்து ஏரித் தண்ணீரை மலையிலிருந்து கீழே இறக்கி கோபோலியில் 1915-இலேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கியிருந்தது. ஆந்திரா பள்ளத்தாக்கு என்ற இடத்தில் அடுத்த திட்டம். (நம்ம ஆந்திரா இல்லை, அங்கே ஓடும் ஆற்றின் பெயர் அது.) மூன்றாவதாகத்தான் முல்ஷி. இதற்காக டாடா பவர் கம்பெனி 1919-இல் தொடங்கப்பட்டது.

திட்டம் இதுதான். முலா ஆறு கிழக்கே ஓடி, பீமா, கிருஷ்ணா வழியாக வங்கக் கடலுக்குப் போகிற ஆறு. அதை முல்ஷியில் அணை கட்டித் தேக்க வேண்டும். தேங்கிய தண்ணீரை மலையைக் குடைந்து மேற்கே திருப்பி, கொங்கணப் பக்கம் அடிவாரத்தில் இருக்கும் பிரா மின்நிலையத்துக்குச் செங்குத்தாக இறக்க வேண்டும். அந்த வேகத்தில் டர்பைன் சுற்றும். மின்சாரம் மும்பைக்குப் போகும், தண்ணீர் அரபிக் கடல் பக்கம் போய்விடும்.

முல்ஷிக்கு என்ன கிடைக்கும்? 50-க்கும் மேற்பட்ட கிராமங்களுக்குப் பாதிப்பு. சுமார் 11,000 பேர் இடம்பெயர வேண்டும். தண்ணீர் பாசனத்துக்கும் வராது, மின்சாரம் ஊருக்கும் வராது. பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் நல்ல நெல் வயல்கள்தான் முதலில் மூழ்கும். மிஞ்சுவது மேட்டு நிலம், பாறைச் சரிவு.

இதைவிடக் கோபமூட்டியது ஒன்று உண்டு. முறைப்படி நிலத்தை எடுப்பதற்கு முன்பே, யாரிடமும் கேட்காமல் வயலில் இறங்கி சோதனைக் குழி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். தன் வயலில் குழி வெட்டுவதைத் தடுத்த ஒரு விவசாயியை, ஒரு வெள்ளைக்காரப் பொறியாளர் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்பது அந்தக் காலத்திலிருந்தே சொல்லப்பட்டு வரும் சம்பவம்.

சட்டம் யார் பக்கம்?

இங்கேதான் 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் வருகிறது. பொது நோக்கம் என்று அரசு முடிவு செய்துவிட்டால், உரிமையாளர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். அரசுக்காக மட்டும் அல்ல, கம்பெனிகளுக்காகவும் எடுத்துக் கொடுக்கலாம். அதற்கென்றே சட்டத்தில் தனிப் பகுதி இருந்தது.

பதிலுக்கு சந்தை மதிப்பும், கட்டாயமாக எடுப்பதற்கு 15 சதவீதம் கூடுதல் தொகையும் கிடைக்கும். அவ்வளவுதான். மாற்று நிலம் தர வேண்டும், வீடு கட்டித் தர வேண்டும், புது இடத்தில் ஊர் அமைத்துத் தர வேண்டும் என்றெல்லாம் அந்தச் சட்டத்தில் ஒரு வரி கூடக் கிடையாது. மறுவாழ்வு என்ற பேச்சே இல்லை. நிலத்தில் கூலி வேலை செய்து பிழைத்தவருக்கு, பத்திரத்தில் பெயர் இல்லாததால், பைசா கிடையாது.

விவசாயிக்குக் கிடைக்கும் பணம் கையில் எத்தனை நாள் நிற்கும்? வேறு ஊரில் அதே தரமான நெல் வயலை அந்தப் பணத்தில் வாங்க முடியுமா? முல்ஷிக்காரர்கள் கேட்டது இதைத்தான்.

ராமநவமி அன்று தொடங்கிய போராட்டம்

1921 ஏப்ரல் 16, ராமநவமி. பெண்கள், குழந்தைகள் உட்பட சுமார் 1,200 பேர் அணை கட்டும் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். வேலை நின்றது. களத்தில் ஆரம்பத்திலிருந்து மக்களைத் திரட்டியவர் விநாயகராவ் புஸ்குட்டே. பாபட்டும் புனேயின் மற்ற தலைவர்களும் அவரோடு சேர்ந்தார்கள்.

நாடெங்கும் ஒத்துழையாமை இயக்கம் சூடுபிடித்திருந்த நேரம் அது. அதே மாதம் காந்தி தன் யங் இந்தியா பத்திரிகையில் முல்ஷி பற்றி எழுதினார். ஏழை விவசாயிகள் விரும்பாதபோது அவர்கள் நிலத்தை எடுத்துத்தான் ஆக வேண்டுமா என்று யோசிக்கும்படி டாடா நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார். வேலை சில மாதங்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே பலர் நினைத்தார்கள்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருந்தது. எதிரே நின்றது வெள்ளைக்காரக் கம்பெனி இல்லை. டாடா, சுதேசித் தொழிலின் அடையாளம். இந்தியர் கட்டும் அணை, இந்தியர் ஆலைகளுக்கு மின்சாரம், நிலக்கரி மிச்சம், வேலை வாய்ப்பு என்றெல்லாம் சொல்லப்பட்டபோது, தேசியவாதிகள் பலருக்கே தொண்டையில் முள் சிக்கியது மாதிரி ஆகிவிட்டது. நாட்டு வளர்ச்சிக்காக நீங்கள் விட்டுக்கொடுங்கள் என்ற பேச்சை நாம் சுதந்திரத்துக்குப் பிறகுதான் அதிகம் கேட்டோம். முல்ஷிக்காரர்கள் அதை அப்போதே கேட்டுவிட்டார்கள்.

1921 டிசம்பரில் வேலை மீண்டும் தொடங்கியது. இந்த முறை அரசும் சட்டமும் முழுதாகக் கம்பெனியின் பின்னால் நின்றன. போராட்டக்காரர்கள் திரும்பத் திரும்பக் கைது செய்யப்பட்டார்கள். மாவளே விவசாயிகள், தொண்டர்கள், பெண்கள் என நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். பாபட்டும் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். சேனாபதி என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது இந்த நாட்களில்தான்.

நிலம் யாருடையது?

போராட்டம் உடைந்தது போலீஸால் மட்டும் அல்ல. உள்ளேயே ஒரு விரிசல் இருந்தது. இந்தக் கதையில் ரொம்ப முக்கியமான இடம் இது என்று நான் நினைக்கிறேன்.

முல்ஷியின் நிலத்தில் உழுதது மாவளேக்கள். ஆனால் அதில் பெரும்பகுதி, பத்திரப்படி, புனேயில் இருந்த சாவ்கார்கள் எனப்படும் வட்டித் தொழில் செய்பவர்கள் கையில் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கடன் வாங்கி, வட்டி கட்ட முடியாமல் எழுதிக் கொடுத்த நிலங்கள். உழுதவர் அதே வயலில் குத்தகைக்காரர் ஆகியிருந்தார்.

ஆரம்பத்தில் இந்த நிலவுடைமையாளர்களும் போராட்டத்தை ஆதரித்தார்கள். வேலை தொடங்கி, அணை எழும்புவது உறுதி என்று தெரிந்ததும் கணக்கு மாறியது. அவர்களுக்கு நிலம் என்பது முதலீடு. நல்ல விலை கிடைத்தால் கொடுத்துவிடலாம். கம்பெனியோடு பேரம் பேசி இழப்பீட்டை உயர்த்திக் கேட்டார்கள். குத்தகை விவசாயிக்கோ அந்த நிலம்தான் சோறு, வீடு, குலதெய்வம் எல்லாம். பணம் வந்தாலும் அதில் கடனுக்குக் கழித்தது போக அவர் கைக்கு என்ன வரும்?

அதாவது ஒரு பக்கம், எவ்வளவு கொடுப்பீர்கள் என்ற கேள்வி. இன்னொரு பக்கம், எங்களைக் கேட்காமல் எப்படி எடுப்பீர்கள் என்ற கேள்வி. இரண்டும் ஒரே மேடையில் இருந்தவரை கூட்டம் பெரிதாகத் தெரிந்தது. முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் பாதிப் பேர் இறங்கிப் போய்விட்டார்கள். பாபட் இரண்டாவது கேள்வியோடு நின்றுகொண்டார். அவரும் பிராமணர்தான், நிலவுடைமையாளர்கள் பலரும் அவருடைய சமூகம்தான். புனேயில் அவருக்கு வேண்டியவர்களே பேரத்தை ஏற்கச் சொன்ன நேரத்திலும் அவர் அசையவில்லை.

ரயிலை மறித்த நாள்

பாபட் அகிம்சையை ஒரு தத்துவமாக முழுதாக ஏற்றுக்கொண்டவர் இல்லை. அவர் சுத்த சத்தியாகிரகம் என்று ஒன்றைச் சொன்னார். அநியாயத்தைத் தடுக்கத் தேவைப்பட்டால் பலத்தையும் பயன்படுத்தலாம், ஆனால் செய்துவிட்டு ஓடக் கூடாது, தண்டனையைத் தானே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

1924 டிசம்பர் 9. கூட இருந்தவர்கள் குறைந்து, போராட்டம் ஏறக்குறைய அணைந்துபோன நேரம். பாபட்டும் சில தோழர்களும் தண்டவாளத்தில் கற்களைப் போட்டு, அணை வேலைக்காக ஓடிய ரயிலை ஆயுதங்களுடன் மறித்தார்கள். துப்பாக்கியும் வெடித்தது. பிறகு பாபட் தப்பி ஓடவில்லை, தானே சரணடைந்தார். ஏழு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதை எப்படிப் பார்ப்பது? அந்த ரயிலில் இருந்தவர்கள் கம்பெனி முதலாளிகள் இல்லை, வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் மேல் துப்பாக்கியைத் திருப்பியதை, பாபட் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும், நியாயப்படுத்த முடியாது. போராட்டத்துக்கும் அது உதவவில்லை. பெரும்பாலானவர்கள் இழப்பீடு வாங்கிவிட்டார்கள், அணை பாதி எழும்பிவிட்டது, தலைவர் துணிச்சலானவர் என்றாலும் அகிம்சையில் நம்பிக்கை இல்லாதவர் என்று காரணங்கள் சொல்லி, இந்தப் போராட்டத்தைக் கைவிடுவதே நல்லது என்ற முடிவுக்கு காந்தி வந்தார். காங்கிரஸ் தலைவர்களும் முல்ஷியிலிருந்து கையைக் கழுவிக்கொண்டார்கள்.

ஆனா ஒன்றையும் கவனிக்க வேண்டும். ஆதரவு வற்றியது அந்த ரயில் மறிப்புக்கு முன்பே. மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து, அடி வாங்கி, சிறைக்குப் போய், எதுவும் நகராத பிறகு வந்த நாள் அது.

பாபட் சிறையில் இருந்தபோதே, 1927-இல், பிரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறியது. மக்கள் மேட்டுக்கு நகர்ந்தார்கள், சிலர் வேறு ஊர்களுக்கும் பிழைப்பு தேடியும் போனார்கள். ஒரே ஊராக இருந்தவர்கள் சிதறினார்கள்.

சிறைக்குப் பிறகு

1931-இல் வெளியே வந்தார். சில மாதங்கள்கூட நிம்மதியாக இருக்கவில்லை. அரசுக்கு எதிராகப் பேசியதற்காக மறுபடி கைது, 1937-இல்தான் விடுதலை. வெடிகுண்டுக் காலத்திலிருந்து கணக்குப் போட்டால், வாழ்க்கையில் நல்ல வயது முழுக்கத் தலைமறைவிலும் சிறையிலும் போயிருக்கிறது.

பிறகு ஹைதராபாத் நிஜாமுக்கு எதிரான சத்தியாகிரகம். சுபாஷ் சந்திர போஸ் ஃபார்வர்டு பிளாக் தொடங்கியபோது அதன் மகாராஷ்டிரக் கிளைக்குத் தலைமை. 1947 ஆகஸ்ட் 15 அன்று புனேயில் தேசியக் கொடியை ஏற்றும் மரியாதை அவருக்குக் கொடுக்கப்பட்டது. சுதந்திரம் வந்தாச்சு, ஓய்வெடுப்போம் என்று இருந்தாரா? இல்லை. 1955-இல் கோவா விடுதலைக்காகப் போன சத்தியாகிரகிகளின் முதல் அணியில் 74 வயதில் நடந்தார். மராத்தி பேசுவோருக்கு ஒரே மாநிலம் கேட்ட இயக்கத்திலும் முன்வரிசையில் நின்றார். 1967 நவம்பர் 28 அன்று, 87 வயதில் இறந்தார். 1977-இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியானது.

மும்பையில் அவர் பெயர் வைத்த சாலை, பழைய பஞ்சாலைகள் நிறைந்திருந்த லோயர் பரேல் வழியாகப் போகிறது. முல்ஷி அணை கட்டப்பட்டதே மும்பை ஆலைகளுக்கு மின்சாரம் கொடுக்கத்தான். பெயர் வைத்தவர்கள் இதை யோசித்திருப்பார்களா என்று தெரியாது.

அந்தச் சட்டம் என்ன ஆனது?

ஆங்கிலேயர் போனார்கள், அவர்களுடைய 1894 சட்டம் போகவில்லை. பக்ரா, கொய்னா, சர்தார் சரோவர் என சுதந்திர இந்தியா கட்டிய பெரிய அணைகளுக்கும் அதே சட்டத்தின்படிதான் நிலம் எடுக்கப்பட்டது. எடுப்பது அரசின் உரிமை, கொடுப்பது பணம், மறுவாழ்வு என்பது அரசின் தயவு. நிலைமை இப்படித்தான் பல பத்தாண்டுகள் ஓடியது.

முதல் மாற்றம் பாபட்டின் மாநிலத்தில்தான் வந்தது. திட்டங்களால் இடம்பெயர்ந்தவர்களின் மறுவாழ்வுக்கென்று மகாராஷ்டிரா 1976-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பாசனத் திட்டத்தால் பயன்பெறும் நிலத்திலிருந்து ஒரு பங்கை எடுத்து, நிலம் இழந்தவருக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை அதில் இருந்தது. முல்ஷிக்காரர்களுக்கு இது அரை நூற்றாண்டு தாமதம்.

நாடு முழுவதற்குமான மாற்றம் 2013-இல் வந்தது. புதிய நில எடுப்பு மற்றும் மறுவாழ்வுச் சட்டம் 2014 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்து, 1894 சட்டத்தை ஒழித்தது. நிலம் இல்லாத கூலித் தொழிலாளியும், குத்தகைக்காரரும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று அதில் ஏற்கப்பட்டார்கள். மறுவாழ்வு சட்டப்படியான உரிமை ஆனது. திட்டத்தால் மக்கள் வாழ்க்கை என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆய்வு செய்ய வேண்டும் என்ற விதியும் வந்தது.

ஒப்புதல் விஷயத்தில் மட்டும் ஒரு பிரிவு இருக்கிறது. தனியார் கம்பெனிக்காக நிலம் எடுத்தால், நிலமோ வேறு அசையாச் சொத்தோ இழக்கும் குடும்பங்களில் 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். அரசும் தனியாரும் சேர்ந்து செய்யும் திட்டம் என்றால் 70 சதவீதம். முல்ஷி தனியார் திட்டம் என்பதால், இன்று அது வந்தால் முதல் வகையில் சேரும். 1921-இல் அணைக் களத்தில் போய் உட்கார்ந்த மக்களில் சொத்து இழப்பவர்களிடம் இன்று கையெழுத்து கேட்டுப் போக வேண்டியிருக்கும்.

அரசே தன் சொந்தத் தேவைக்குக் கட்டும் அணை என்றால் அந்தச் சம்மத விதி இப்போதும் பொருந்தாது. நம் நாட்டின் பெரிய அணைகளில் பெரும்பாலானவை அந்த வகையில்தான் வருகின்றன.